அடுத்தவர் பேரில் நிறுக்கும் கொழுந்து

எமது பதுளை மாவட்டத் தோட்டங்கள் பலவற்றில் செக்ரோலில் பேர் இல்லாமலே வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டோரில் கை மாட்டி இரண்டு விரல் போனவர், சிறு வயதிலேயே கால் சூம்பியவர், காது கேளாதவர், ஒரு கண் பார்வை இழந்தவர். அவர்கள் ஆய்கிற கொழுந்து மனைவியின் பேரிலோ அக்காவின் பேரிலோ மேலதிகக் கிலோவாக நிறுக்கப்படுகிறது. கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் இப்படி என்று கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: “என் பேருல பேர் விழுந்தா, மாசக் காசு நின்னுரும்.”

மாசக் காசு என்று அவர்கள் சொல்வது, குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவை. இது 5000 ரூபாயாக இருந்து 2024இல் 7500 ஆகி, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாய் ஆனது. குடும்பத்துக்குக் கிடைக்கும் அஸ்வெசும வேறு, இது வேறு. எம்மவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பேசுவதால் ஒன்று நின்றால் எது நின்றது, ஏன் நின்றது என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

வேலைக்குப் பயந்து பேர் போடாமல் இருக்கிறார்கள் என்று சில துரைமார் சொல்கிறார்கள். எம்மவர்களிலேயே சிலரும் அப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒரு தாளையும் பேனையையும் எடுத்துக் கணக்குப் பார்க்கட்டும்.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது, அதை வைத்தே கணக்குப் பார்ப்போம். ஒரு கால் இயலாதவர் எங்கள் மலையின் ஏற்ற இறக்கத்தில் மாதத்துக்கு 12 பேர் போடுகிறார் என்று வைப்போம். 16,200 ரூபாய். அதற்காக 10,000 ரூபாய் கொடுப்பனவு போய்விட்டால் அவர் உழைத்ததால் கூடுதலாக வந்தது 6200 ரூபாய்தான். 12 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 516 ரூபாய்ச் சொச்சம். சேமலாப நிதிக்குக் கழிப்பதைக் கழித்தால் கைக்கு வருவது அதிலும் குறைவு. மழை மாதத்தில், அல்லது கால் வீங்கிய மாதத்தில், 6 பேர்தான் விழுந்தது என்றால் 8100 ரூபாய். அந்த மாதம் அவர் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தால் இதைவிட 1900 ரூபாய் கூடுதலாக இருந்திருக்கும். கேட்கிற கிலோ வராமல் அரைப்பேர் போட்ட நாட்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. எந்த மனிதன் தன் பிள்ளைகளின் சோற்றை வைத்து இந்தச் சூதாட்டம் ஆடுவான்?

அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்காக அவர்கள் கொடுக்கிற விலையையும் பார்க்க வேண்டும்.

பேர் இல்லாதவருக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை. முதலாளி போட வேண்டிய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் இல்லை. அந்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் 20 நாள் வேலை செய்கிற ஒருவருக்கு இது மாதம் 4050 ரூபாய். தோட்டம் அவ்வளவையும் மிச்சப்படுத்திக்கொள்கிறது. ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் சம்பளம் வீதம் வர வேண்டிய சேவைக்காலப் பணமும் இல்லை. பத்து வருடம் கொழுந்து ஆய்ந்தவர், ஒருநாள்கூட வேலை செய்யாதவராகவே பதிவில் இருப்பார்.

இதைவிட மோசமானது விபத்து. எங்கள் மலைகளில் குளவி கொட்டாத மாதம் இல்லை. மனைவியின் பேரில் கொழுந்து ஆயும் கணவனைக் குளவி கொட்டினால், அல்லது அவர் கானில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால், நட்டஈடு கேட்பது யார்? 1934ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் முதலாளி பொறுப்பு. ஆனால் அவர் அங்கே தொழிலாளியாகத்தான் நின்றார் என்று முதலில் நிரூபிக்க வேண்டுமே. செக்ரோலைத் திறந்து காட்டி, “இந்த ஆள் இங்கே வேலையே செய்யவில்லை” என்று தோட்டம் சொல்லிவிடும். ஏற்கனவே உடலில் ஒரு குறையோடு இருப்பவர் இன்னொரு காயத்தையும் வெறுங்கையோடு சுமக்க வேண்டியதுதான்.

பாடசாலையிலும் இதே பயத்தைப் பார்க்கிறேன். காது கேளாத ஒரு மாணவி. தையலில் அவ்வளவு திறமை. பயிற்சிக்கு அனுப்புவோம் என்று வீட்டுக்குப் போய்ப் பேசினால், அம்மா வாசலிலேயே நின்று, “தொழில் பழகினா காசை வெட்டிருவாங்க சேர், நாளைக்கு வேலையும் கிடைக்கலன்னா என்ன செய்றது?” என்கிறார். அந்த அம்மாவுக்குச் சரியான பதில் சொல்ல என்னிடம் ஒரு சுற்றுநிருபம் இருந்திருக்க வேண்டும். தொழில் பழகும் காலத்தில் கொடுப்பனவு நிற்காது, வேலை போனால் மறுபடி கிடைக்கும் என்று ஒரு வரி. சமூக சேவைகள் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் ஒன்று எமது மாவட்டத்திலேயே கேத்தவலவில் இருக்கிறது. அங்கே விண்ணப்பிக்கும்போது தமிழில் கற்பிக்கும் வசதியையும் சேர்த்தே கேளுங்கள். கேட்காமல் கிடைத்த வசதி எங்களுக்கு எதுவும் இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளி வேலைக்குப் போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாறாக, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அரச வேலைகளில் 3 வீதம் ஒதுக்க வேண்டும் என்று 1988இலேயே பொது நிர்வாகச் சுற்றுநிருபம் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. வேலை செய்யும் உரிமையும் சமூகப் பாதுகாப்புக்கான உரிமையும் அதில் அடுத்தடுத்த உறுப்புரைகள், 27உம் 28உம். ஒன்றைப் பெற மற்றதை விட வேண்டும் என்று அங்கே எழுதியில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கொடுப்பனவு வறுமைக்கான உதவியாகவே பார்க்கப்படுகிறது. குடும்ப வருமானம் கூடினால் தகுதி போகும் என்ற கண்ணால் பார்க்கப்படுகிறது. நான் கேட்கிறேன்: கால் இயலாதவர் வேலைக்குப் போனதும் கால் சுகமாகிவிடுகிறதா? லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வர மற்றவர் பஸ்ஸில் வருவார், இவர் முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். துணைக்கு வருகிறவருக்கும் ஒரு பேர் நட்டம். சக்கர நாற்காலியின் டயர் எங்கள் கல்லு ரோட்டில் எத்தனை மாதம் தாங்கும்? இந்தச் செலவுகள் வேலை இல்லாதபோதும் உண்டு, வேலைக்குப் போனால் இன்னும் கூடும். வறுமைக்குக் கொடுப்பது வேறு, இயலாமையால் வரும் மேலதிகச் செலவுக்குக் கொடுப்பது வேறு. இரண்டையும் ஒரே பையில் போட்டதால்தான் ஒரு நாள் பேர் விழுந்தாலும் பை முழுவதும் போய்விடும் என்று மக்கள் நடுங்குகிறார்கள்.

வேறு நாடுகளும் இந்தச் சிக்கலைச் சந்தித்தன. அமெரிக்காவில் இயலாமைக் காப்புறுதி பெறுபவர் ஐந்து வருட காலத்துக்குள் ஒன்பது மாதம் வேலை செய்து பார்க்கலாம். அந்த மாதங்களில் எவ்வளவு உழைத்தாலும் உதவி நிற்காது. பிரித்தானியாவில் உதவி பெற்றுக்கொண்டே வாரத்துக்கு 16 மணித்தியாலத்துக்குக் குறைவாக, வருமான எல்லை ஒன்றுக்குள், வேலை செய்ய அனுமதி உண்டு. பணக்கார நாடுகள், அவர்களுக்கு முடியும் என்று சொல்வீர்கள். சரி, பக்கத்துத் தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே நூறு நாள் வேலைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு நாலு மணி நேர வேலை, முழுக் கூலி என்று அரசாணை போடப்பட்டது. தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்ப்பது, கன்றுகளைப் பராமரிப்பது போன்ற வேலைகளை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். அந்த ஆணையை ஊர் ஊராக நடைமுறைப்படுத்த வைக்க அங்குள்ள மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் திரும்பத் திரும்பப் போராட வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

எமது தோட்டங்களில் அப்படிப்பட்ட வேலைகள் இல்லையா? தவறணையில் உட்கார்ந்து பை நிரப்பலாம். பிள்ளை மடுவத்தில் உதவலாம். ஸ்டோரில் தேயிலை பொறுக்கும் இடத்தில் காது கேளாதவர் மற்ற எவரையும்போல வேலை செய்வார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுத இரண்டு கால் தேவையில்லை. முழு உடல் உள்ளவரிடம் கேட்கிற அதே கிலோவை ஒரு கையால் ஆய்கிறவரிடமும் கேட்டு, வராதபோது அரைப்பேர் போடுவதுதான் இன்று நடக்கிறது.

எனவே எமது சங்கம் அரசாங்கத்திடமும் கம்பனிகளிடமும் தனித்தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் முதல் 12 மாதங்களுக்குக் கொடுப்பனவில் கை வைக்கக்கூடாது, வேலை விட்டுப்போனால் புதிய விண்ணப்பம், புதிய காத்திருப்போர் பட்டியல் என்று அலையவிடாமல் அடுத்த மாதமே மீண்டும் வழங்க வேண்டும், அந்த ஒரு வருடத்துக்குப் பிறகும் இயலாமைச் செலவுக்கான ஒரு பங்கு நிற்கவே கூடாது என்பது அரசாங்கத்திடம். இதற்குப் பெரிய சட்டம்கூட வேண்டாம், தெளிவான சுற்றுநிருபம் ஒன்று போதும், அதுவும் தமிழில். கம்பனிகளிடம் கேட்பது இயலாமைக்கு ஏற்ற வேலை, குறைத்த கிலோ, முழுப் பேர், சொந்தப் பேர். கூட்டு ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாட்சம்பளத் தொகையிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. இனி இதுவும் மேசைக்கு வர வேண்டும்.

இவை கிடைக்கும் வரை குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில. ஸ்டோரிலோ மலையிலோ காயப்பட்டவரிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சேமலாப நிதி முழுவதையும் வைத்திய காரணத்துக்காக முன்கூட்டியே எடுக்க வேண்டுமானால், நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய இயலாதவர் என்று வைத்தியர் உறுதிப்படுத்த வேண்டும். அவசரத்துக்குக் காசு வருகிறதே என்று அதில் கையெழுத்துப் போட்டால் செக்ரோலிலிருந்து பேர் போய்விடும். பிறகு இலேசான வேலை கேட்டுப் போகும்போது அந்தத் தாளே உங்களுக்கு எதிரான சாட்சி. வீட்டில் வேறு எவருக்கும் பேர் இல்லை என்றால், லயக்காம்பராவைப் பற்றியும் கதை தொடங்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது நட்டஈடு, அடுத்தது இலேசான வேலை. சேமலாப நிதி கடைசியில். எந்தத் தாளையும் தோட்டத் தலைவரிடமோ, வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடமோ காட்டாமல் கைநாட்டு வைக்க வேண்டாம்.

கொடுப்பனவு திடீரென நின்றால் பிரதேச செயலகத்தில் வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். எந்தத் திகதியில், எந்தக் காரணத்துக்காக நிறுத்தப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லியாக வேண்டும். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோ ஒரு இயலாமை இருக்கிறது. எமது சந்தாப் பட்டியலில் அந்த அளவு ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்தேன். கிட்டவும் இல்லை. பேர் இல்லாதவரிடம் சந்தா கழிக்க முடியாது, சந்தா இல்லாதவரைச் சங்கக் கூட்டத்துக்கு எவரும் அழைப்பதில்லை. தோட்டம் மட்டும்தான் இவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்று நாம் சொல்லிவிட முடியாது.

வருகிற மாதக் கூட்டத்துக்கு முன் தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் தங்கள் பிரிவில் உள்ள மாற்றுத்திறனாளிகள் அனைவரையும் வீடு வீடாகப் பார்த்து எழுதிவர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். வேலை செய்பவர் என்றால் வேலை யாருடையது, பேர் யாருடையது என்று இரண்டு நிரலில் குறியுங்கள். கொடுப்பனவு வருகிறதா, எப்போதாவது நின்றதா, விண்ணப்பித்துக் காத்திருக்கிறாரா என்பதையும் எழுதுங்கள். அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ இல்லாதவர்களை விட்டுவிடாதீர்கள், அவர்களுக்குத்தான் முதலில் ஆள் தேவை. அந்தத் தாள்கள் துரையின் காரியாலயத்துக்கும் போகாது, பிரதேச செயலகத்துக்கும் போகாது. சங்கக் காரியாலயத்தின் இரும்பு அலுமாரியில் இருக்கும். அதை வீட்டார் முன்னிலையில் முதலிலேயே சொல்லிவிட்டு எழுதத் தொடங்குங்கள்.