ஐயம் தீர்க்கும் நுண்துளை

நள்ளிரவில் வயிற்றில் கடும்வலி எழுந்தால், திருவாண்டார்கோயில் போன்ற சிற்றூர்களில் ஓமநீரும் ஒத்தடமுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவற்றால் அடங்காத வலியோடு விடியும்வரை காத்திருப்பது உயிருக்கே இடராகலாம்.

வலப்புற அடிவயிற்று வலிக்குக் குடல்வால் அழற்சி காரணமாகலாம். பெண்களுக்குச் சினைப்பை முறுக்கிக்கொள்வதோ கருக்குழாயில் கரு தங்குவதோ காரணமாகலாம். குருதிச் சோதனையும் ஸ்கேனும் ஐயத்தைத் தீர்க்காதபோது, முற்காலத்தில் வயிற்றை நீளக் கீறிப் பார்த்தனர். இன்றோ மயக்கமருந்து செலுத்தி, கரியமில வாயுவால் வயிற்றை விரித்து, ஏறத்தாழ 10 மி.மீ. துளைவழியே கேமராவை நுழைத்து நோயை நேரில் காண்கின்றனர். பெரும்பாலும் அப்போதே அதனை நீக்கியும் விடுகின்றனர். காயம் சிறியது; ஆதலால் உழைப்பவர் விரைவில் வேலைக்குத் திரும்பலாம்.

இம்முறையைச் செல்வர்க்குரிய ஆடம்பரம் என்பார் உளர். மும்பை மருத்துவர் தெஹெம்டன் உத்வாடியா 1972 முதலே இதனை நோயறியும் கருவியாகக் கையாண்டார். ஊரகத்திற்கும் இது பரவவேண்டும் என வலியுறுத்தினார். நாள் கூலியை இழக்க இயலாத ஏழைக்கன்றோ சிறுகாயம் பெருநன்மை!

எனினும், மிகுந்த குருதிக்கசிவால் நாடி தளர்ந்தோர்க்கு வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையே பெரிதும் ஏற்றது. இதனைத் தேர்ந்து தெளிவது மருத்துவர் கடன்.

திருவாண்டார்கோயிலிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குச் சாலை உண்டு. ஆயினும் வலி காலம் பார்த்து வருவதில்லை. எனவே கருவியும் பயின்ற கைகளும் ஊரகத்திற்கு அண்மையிலேயே அமைதல் வேண்டும். அவ்வாறு அமைத்தல் அரசின் கடமை. காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் மக்களின் கடமை.