லாரிக்காரன் கை

சென்ற மாதம் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். வக்கீல் நண்பர் ஒருவர் தம்முடைய புதிய காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். செம்பட்டியைத் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. தேங்காய் மட்டை பாரம். ஏற்றியிருந்த அழகைச் சொல்ல வேண்டும்! லாரியின்மேல் இன்னொரு லாரியைத் தூக்கி வைத்தாற்போல் உயரம். அகலத்திலும் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் போன எங்களுக்கு வழியும் தெரியவில்லை, வானமும் பாதிதான் தெரிந்தது.

நண்பர் ஹார்னை அமுக்கினார். அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. "ரோடு என்ன இவன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அதைப் பற்றித் தகவல் இல்லை.

அப்போது லாரியின் வலது ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை தரையைப் பார்க்க, மேலும் கீழுமாக இரண்டு தரம் காற்றைத் தட்டிக்கொடுத்தது. 'பொறு' என்று அர்த்தம். நண்பர் பொறுக்கிற ஆசாமி அல்ல. வேறு வழியில்லாமல் பொறுத்தார். நாலு விநாடி கழித்து, தேனிப் பக்கமிருந்து ஒரு பஸ் சீறிக்கொண்டு எங்களைக் கடந்து போயிற்று. அதன் பின்னாலேயே ஒரு டிராக்டர். அதுவும் போன பிறகு அந்தக் கை மறுபடி வெளியே வந்தது. இந்தத் தடவை முன்னும் பின்னுமாக அரைவட்டம் போட்டு வீசியது. 'நீ போகலாம்' என்று அர்த்தம். லாரியும் இடது சக்கரத்தை மண்ணில் இறக்கிக்கொண்டு ஒதுங்கிற்று. நாங்கள் போனோம். போகும்போது நண்பர் கண்ணாடியை இறக்கி, "காட்டுமிராண்டிப் பயல்!" என்று சொல்லிவிட்டு உடனே ஏற்றிக்கொண்டார். உள்ளே இருக்கிற குளிர்ச்சி வீணாகக் கூடாது அல்லவா?

நண்பரைத் தவறாக எண்ண வேண்டாம். கம்பன் விழாவில் மேடை ஏறுகிறவர். பாங்கி வாசலில் கதவைத் திறந்துவிடும் காவல்காரனுக்குக்கூட 'தாங்க்ஸ்' சொல்லாமல் உள்ளே நுழைய மாட்டார். கதவைத் திறந்துவிட்டவனுக்கு நன்றி. எதிரே வந்த பஸ்ஸிலிருந்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவனுக்குக் காட்டுமிராண்டிப் பட்டம்! இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

லாரிக்காரன் செய்த இந்தக் காரியத்துக்கு நம் ஜனங்கள் 'சைடு கொடுப்பது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சைடு இங்கிலீஷ், கொடுப்பது நம்முடையது. வாக்குக் கொடுக்கிறோம், பெண் கொடுக்கிறோம், தோள் கொடுக்கிறோம். அந்த வரிசையில் அவன் சைடு கொடுக்கிறான். ரோட்டில் அரை கஜம் ஒதுங்குவது மட்டும் அதில் இல்லை. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத ரோடு தெரிகிறது. தன் கண்ணை அவன் நமக்குக் கொஞ்ச நேரம் இரவல் தருகிறான். நம் பேர் தெரியாது, ஊர் தெரியாது. பின்னால் நின்று ஹார்ன் அடித்துக் காதைப் பிளக்கிறோம் என்பது ஒன்றுதான் அவனுக்கு நம்மைப் பற்றித் தெரிந்த விஷயம். அப்படியும் தருகிறான்.

(நானும் 'அவன்', 'இவன்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன், பாருங்கள். பழக்கம் எங்கே விடுகிறது! இனிமேல் 'அவர்' என்கிறேன்.)

இது ஏதோ லாரிக்காரர்கள் தாமாகப் பழகிக்கொண்ட சேஷ்டை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சமாசாரம். 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே டிரைவர்கள் காட்ட வேண்டிய சமிக்ஞைகளுக்கென்று ஓர் அட்டவணை உண்டு. அதற்குப் பின் வந்து, 1989 முதல் 2017 வரை அமலில் இருந்த சாலை விதிகளிலோ, வலது கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக வீசினால் பின்னால் வருகிறவரை முந்திப் போகச் சொல்வதாக அர்த்தம் என்று ஸ்பஷ்டமாக எழுதியிருந்தது. அதோடு விடவில்லை. முன்னால் போகிறவர் அந்தச் சமிக்ஞை காட்டாவிட்டால் முந்தக் கூடாது என்றும் எழுதியிருந்தது. அதாவது 28 வருஷ காலம், வக்கீலானாலும் டாக்டரானாலும் கலெக்டரானாலும் ஒரு லாரிக்காரருடைய சம்மதம் இல்லாமல் அவரை முந்துவது சட்ட விரோதம். நண்பர் லைசென்ஸ் வாங்கியது அந்தக் காலத்தில்தான். சொன்னேன். "அப்படியா?" என்றார்.

எழுதி வைத்தால் மட்டும் படித்தவர்கள் மதித்துவிடுவார்களா என்றால், அதுவும் சந்தேகம். ஒடுக்கமான மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று வழி விட வேண்டும் என்பது பழைய விதி. காரணமும் சின்னக் குழந்தைக்கு விளங்கும். பாரத்தோடு ஏறுகிறவர் பாதியில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. கோடை விடுமுறையில் கொடைக்கானல் பாதையில் போய்ப் பாருங்கள். பஸ் டிரைவரும் லாரி டிரைவரும் வளைவுக்கு மேலேயே நின்று காத்திருப்பார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு குறுக்கே நுழைந்து, மேலும் போக முடியாமல் கீழும் வர முடியாமல் அடைத்து வைப்பது யாருடைய வண்டி? கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வருகிற நம்முடைய வண்டிதான்.

எங்கள் திண்டுக்கல்லைப் பூட்டுக்குப் பேர்போன ஊர் என்பார்கள். எனக்கு அது எப்போதும் சாலைகள் கூடுகிற ஊர். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகிற நெடுஞ்சாலை ஊர் ஓரமாகப் போகிறது. கரூர், மதுரை, திருச்சி, பழனி, தேனி, நத்தம் என்று எந்தத் திக்கில் கிளம்பினாலும் லாரிக்குப் பஞ்சமில்லை. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி கேரளத்துக்குப் போவதும் லாரியில்தான். நாலு வரிசைச் சாலையில் கைக்கு வேலை குறைந்துவிட்டது. நடுவில் சுவர் போல் திட்டு இருக்கிறது, எதிரே வண்டி வராது. அங்கே கதையே வேறு. ஆனால் இரட்டைச் சாலையில், அதுவும் இரவில், லாரிகளும் பஸ்களும் பேசிக்கொள்ளும் சம்பாஷணையைக் கவனித்திருக்கிறீர்களா?

எதிரே வருகிற லாரி வலது இண்டிகேட்டரைப் போடும். 'என் உடம்பு இதுவரைக்கும் இருக்கிறது, பார்த்து ஒதுங்கு' என்பது பொருள். ஒரு தரம் டிம் அடித்தால், 'உன் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, தணி' என்பது. தாண்டிப் போன பிறகு 'பாம்' என்று செல்லமாக ஓர் ஒலி கேட்டால் அது நன்றி. பின்னால் வண்டியை எடுக்கும்போது கிளீனர் பையன் லாரியின் பக்கத்தில் தட்டிக்கொண்டே "வா, வா, வா... ஹோல்டான்!" என்பான். எந்த ஊர் இங்கிலீஷ்காரனும் அந்த 'ஹோல்டானை'த் தன் பாஷை என்று அடையாளம் கண்டுகொள்ள மாட்டான். அது முழுக்க நம்முடையதாகிவிட்டது. முன்னால் போலீஸ் செக்கிங் இருக்கிறது என்பதற்கும் ஒரு மினுக்கல் உண்டு. அதை ஆதரித்து எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இங்கிலாந்திலும் இப்படி உண்டு. ஒரு லாரி இன்னொன்றை முந்தினால், அதன் வால் தாண்டிவிட்டது, இனி இடது பக்கம் வரலாம் என்பதைப் பின்னால் இருக்கிறவர் விளக்கை மினுக்கிச் சொல்கிறார். முந்தியவர் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் மாறி மாறிப் போட்டு நன்றி சொல்கிறார். நல்ல பழக்கம். ஆனால் ஹெட்லைட்டை மினுக்கினால் அங்கே பலர் 'நீ போ' என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிப்பதற்கு மட்டும் மினுக்குங்கள் என்று அவர்களுடைய 'ஹைவே கோட்' விதிப் புத்தகம் கண்டித்துக்கொண்டே இருக்கிறது. நம் ஊரிலோ எதிரே வருகிறவர் மினுக்கினால் 'நான் வந்துகொண்டே இருக்கிறேன், நீ நில்' என்று அர்த்தம். லண்டன் பழக்கத்தோடு நத்தம் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர் நத்தம் போய்ச் சேர மாட்டார்.

நத்தம் ரோடு என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நாலு வருஷங்களுக்கு முன் அந்த ரோட்டில் நான் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் என் மகள். முன்னால் மெதுவாக ஒரு லாரி. அதன் வலது இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிந்தது. ரோடு தெரிந்த மனிதனல்லவா நான்? 'முந்திப் போ' என்கிறார் என்று முடுக்கினேன். லாரி வலது பக்கம் திரும்பிற்று. அங்கே ஒரு செங்கல் சூளைக்குப் போகிற மண் பாதை இருந்ததை நான் பார்க்கவில்லை. எப்படியோ ஸ்கூட்டரை வெட்டித் திருப்பிக் கருவேலம் புதரில் கொண்டுபோய்ப் போட்டேன். மகளுக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. லாரி நின்றது. டிரைவர் குதித்து ஓடி வந்தார். என்னைவிட அவருக்குத்தான் கை நடுங்கிற்று.

"இண்டிகேட்டர் போட்டேனே சார்!" என்றார்.

"அதைப் பாத்துத்தாண்ணே வந்தேன்!" என்றேன்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் என் மகள் சாக இருந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன். வலது பக்கம் திரும்ப, இடது பக்கம் திரும்ப, நிறுத்த, இந்த மூன்றுக்கும் கைக்குப் பதிலாக விளக்கு போட்டுக்கொள்ளலாம் என்று 1988ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. 'நீ போகலாம்' என்பதற்கு யாரும் விளக்கு வைக்கவில்லை. அது கையோடு நின்றது. காலக்கிரமத்தில் கை உள்ளே போயிற்று. அந்த ஒரு வார்த்தை மட்டும் வீடில்லாமல் தெருவில் நின்றது. கை வலது பக்கந்தானே நீண்டது? ஆகையால் அது வலது இண்டிகேட்டருக்குள் குடி புகுந்துவிட்டது. இப்போது அந்தச் சின்ன மஞ்சள் விளக்குக்குள் எத்தனை குடித்தனம், பாருங்கள். ஒரு லாரி போட்டால் 'போ'. இன்னொன்று போட்டால் 'எதிரே வண்டி வருகிறது, வெளியே வராதே'. மூன்றாவது போட்டால் 'நான் திரும்பப் போகிறேன்'. எதிரே வருகிற லாரி போட்டால் 'என் அகலம் இது'. போ என்பதற்கும் போகாதே என்பதற்கும் ஒரே சொல் உள்ள பாஷை உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

லாரிக்காரர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர்கள் கைவசம் இருந்ததைக் கொண்டு பேசினார்கள். குற்றம் அந்தப் பேச்சைப் பேச்சாகவே மதிக்காதவர்கள் பேரில். லாரி செய்து விற்கிறவர்களுக்கு அது ஞாபகம் வரவில்லை. லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில் எட்டுப் போடச் சொல்கிறார்கள். முன்னால் போகிறவர் கை வீசினால் என்ன பொருள் என்று என்னை யாரும் கேட்டதில்லை. நம்மைப் போன்றவர்களோ கார் வாங்குகிறோம், கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறோம், வெளியே நடப்பதெல்லாம் காட்டுமிராண்டித்தனம் என்று தீர்ப்புச் சொல்கிறோம். 2022ஆம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். முந்தப் போய் மோதியவர்களும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள்.

இனிமேல் கை திரும்பி வரப் போவதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று சர்க்கார் உத்தரவு போட்டாயிற்று. போட்டது சரி, ரொம்பவும் சரி. சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பத்து மணி நேரம் வெந்தவருக்கு அந்தக் குளிர்ச்சி கிடைக்கட்டும். நமக்குக் கை காட்டுவதற்காக அவர் வேக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணாடி ஏறும்போது கடைசிக் கையும் உள்ளே போகிறது என்பதை யாராவது யோசித்தார்களா? கிளீனர் இல்லாமல் ஓடுகிற லாரிகளும் வந்துவிட்டன. இடது ஜன்னலிலும் ஆள் இல்லை.

2015இல் சாம்சங் கம்பெனி அர்ஜென்டினாவில் ஒரு சோதனை செய்தது. லாரியின் முன்புறம் ஒரு காமிரா. பின் முதுகு முழுவதும் திரை. எதிரே வருவதெல்லாம் பின்னால் வருகிறவருக்குப் படமாகத் தெரியும். உலகமே வியந்தது. வியக்கத்தான் வேண்டும், நம் ஊர் லாரிக்காரர் காசு வாங்காமல் ஒரு கையால் செய்த வேலை அல்லவா அது? அவ்வளவு பெரிய திரை நமக்கு வேண்டாம். வலது இண்டிகேட்டர் வலது பக்கம் திரும்புவதற்கு மட்டும் என்று கண்டிப்பாக வைத்துவிட்டு, 'நீ போகலாம்' என்பதற்கு லாரியின் முதுகில் தனியாக ஒரு பச்சை விளக்கு வைத்தால் என்ன? ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பொத்தான், அதற்குக் கொஞ்சம் ஒயர். அந்தத் தேங்காய் மட்டை பாரத்தின் விலைகூட ஆகாது. அந்த விளக்கின் பொருளைக் கார்க்காரரும் ஸ்கூட்டர்காரரும் தெரிந்துகொண்டால்தான் லைசென்ஸ் என்று சொல்லிவிடலாம்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது காரில் இதையெல்லாம் சொன்னேன். நண்பர் வக்கீலல்லவா? "சரி ஐயா, அவன் போகச் சொல்லி, நான் போய், எதிரே வந்தது மோதினால் யார் பொறுப்பு?" என்றார். நல்ல கேள்விதான். செம்பட்டியில் டீ குடிக்க இறங்கினோம். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார், ஐம்பதைத் தாண்டியவர். நண்பரை விடாமல், அந்தக் கேள்வியை அவரிடமே கேட்கச் செய்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தெரியிற ரோட்டை நான் சொல்றேன் சார். உங்களுக்குத் தெரியிறதை நீங்கதானே பாக்கணும்?" என்றார். பிறகு, "முப்பது வருசமாக் கை காட்டிட்டேன். காட்டின வண்டி என்னையத் தாண்டி அங்கிட்டுப் போற வரைக்கும் ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்க மாட்டேன் சார். ஏதாச்சும் குறுக்க வந்துட்டா அவுக என் முன்னால ஒதுங்க எடம் வேணும்ல?" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தார்.

நண்பர் பதில் பேசவில்லை. காரில் ஏறி எஞ்சினைப் போட்டார். டிரைவரும் தம்முடைய லாரியில் ஏறினார். புத்தம் புது வண்டி, ஏ.சி. கேபின். கண்ணாடி மேலே ஏறிற்று. எங்களுக்கு முன்னால் அது மெல்ல நகர்ந்து, வலது இண்டிகேட்டர் எரிய ஆரம்பித்தது. ரோட்டுக்கு ஏறுகிறாரா, எங்களை முதலில் போகச் சொல்கிறாரா என்று தெரியாமல் நண்பர் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.