தொலைந்தது சீட்டுதான், யாத்திரை அன்று

சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே இரவில் ஓடும் வண்டிக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஆனால் ஏற்காட்டில் ரயில் நிலையம் இல்லை. சேர்வராயன் மலையில் மாரமங்கலம் போன்ற சிற்றூர்களிலிருந்து இராமேசுவரத்துக்கோ காசிக்கோ புறப்படும் பெரியவர்கள், பேருந்தில் ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்தில் இறங்கி, சூரமங்கலத்திலுள்ள ஜங்ஷனை அடைய வேண்டும். மூட்டை முடிச்சுகளை இத்தனை இடங்களில் ஏற்றி இறக்கும்போது, பல நாள் முன்பே வாங்கி மடித்து வைத்த பயணச்சீட்டு எங்கேனும் நழுவிவிடுவது உண்டு. நடைமேடையில் பையைத் துழாவும்போதுதான் அது தெரியவரும். மலைக்குத் திரும்பிச் சென்று தேடிவர நேரமிராது.

அவ்வேளையில் மூத்தவர்களை வாட்டுவது பண இழப்பைவிட மானக்கேடு பற்றிய அச்சமே. ஆயுளில் ஒரு காசும் ஏமாற்றாதவர், நாலு பேர் முன்னிலையில் சீட்டில்லாதவராக நிற்க நேருமே என்று கலங்குவார். சிலர் யாரிடமும் சொல்லாமல் வண்டியேறிப் பரிசோதகர் முன் தலைகுனிகின்றனர். வேறு சிலர், இறைவன் திருவுளம் இவ்வளவே எனக் கருதி வீடு திரும்பிவிடுகின்றனர். இரண்டுமே வேண்டியதில்லை.

வங்கிக் கணக்குப் புத்தகம் தொலைந்தால் பணம் தொலைவதில்லை. அது பேரேட்டில் பத்திரமாக இருக்கிறது. முன்பதிவுச் சீட்டும் அத்தகையதே. பயணியின் பெயரும் வயதும் இருக்கை எண்ணும் ரயில்வே பதிவில் உள்ளன. முன்பதிவு அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி, நகல் சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பயணிகள் அட்டவணை தயாராகும் முன் கேட்டால் இரண்டாம் வகுப்புக்கும் படுக்கை வகுப்புக்கும் 50 ரூபாய், ஏனைய வகுப்புகளுக்கு 100 ரூபாய் கட்டணம். அட்டவணை தயாரான பின், இடம் உறுதியான சீட்டுக்கு, பயணக் கட்டணத்தில் பாதி. வண்டி புறப்படுமுன் பழைய சீட்டு அகப்பட்டால், இரண்டையும் ஒப்படைத்து, சிறு பிடித்தம் போக நகல் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். காத்திருப்போர் பட்டியல் சீட்டுக்கு நகல் கிடையாது.

முன்பதிவில்லாத சீட்டு ரொக்கப் பணம் போன்றது. தொலைந்தால் வேறு சீட்டு வாங்க வேண்டியதுதான். அதற்கும் நேரமில்லையெனில், ஏறுமுன்னரே கார்டிடம் உண்மையைச் சொல்லி அனுமதிச் சான்று பெற வேண்டும். சான்று இருந்தால் கட்டணம் மட்டுமே செலுத்தலாம். இல்லையேல் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரும். ஆக, முன்வந்து சொல்பவரையும் மறைப்பவரையும் சட்டமே வேறுபடுத்திப் பார்க்கிறது.

கையிலிருந்த சீட்டு போதாமற்போன ஒரு பயணத்தை அருணாசல அன்பர்கள் அறிவர். 1896 ஆகஸ்டு 29 அன்று, 16 வயது வேங்கடராமன் மதுரையிலிருந்து திருவண்ணாமலையை நாடிப் புறப்பட்டார். விழுப்புரத்திலிருந்து எஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரையே சீட்டுக் கிடைத்தது. சீட்டு முடிந்த இடத்தில் இறங்கி நடந்தார். சீட்டில்லாமல் மேலே செல்லவில்லை. அறையணிநல்லூர்க் கோயிலில் தங்கி, கீழூரில் ஓர் அன்பர் இல்லத்தில் தம் காதுக் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, மீண்டும் முறைப்படி சீட்டு வாங்கினார். செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் சந்நிதியை அடைந்தார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று போற்றியது. அடகுக்கு அடையாளமாகப் பெற்ற முகவரிச் சீட்டை அவர் வழியிலேயே கிழித்தெறிந்தார். கடுக்கனை மீட்கும் எண்ணமே அவருக்கு இல்லை.

இல்லறத்தார்க்கு அத்துறவு எளிதன்று. சீட்டைக் காப்பதே அவர்க்கு முறை. சீட்டில் அச்சிட்ட 10 இலக்க பி.என்.ஆர். எண்ணை ஒரு தாளில் எழுதி வேறு பையில் வைக்கலாம். உடன் வருபவரிடமும் வீட்டிலிருக்கும் பிள்ளைகளிடமும் கொடுத்து வைக்கலாம். அசல் அடையாள அட்டையைச் சீட்டோடு சேர்த்து வைக்காதிருப்பது நலம்; ஒன்று தொலைந்தால் மற்றது கைகொடுக்கும்.

இத்தனைக்கும் பிறகு தொலைந்தாலும், சகுனம் என்று எண்ணிக் கலங்காமல் உரிய அலுவலரை நாடிச் சொல்லலாம். தரிசனத்துக்குப் புறப்பட்டவர், ஒரு துண்டுக் காகிதம் நழுவியதற்காகத் திரும்ப வேண்டுவதில்லை.