சுபானு வருஷம் மாசி மாதம்

தோட்டத்துக் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. முன்னோரின் தகப்பன் யார், தாய் யார் என்று துருவிக் கேட்கக் கூடாது. கேட்டால், "செத்தவங்களைக் கிளறாதே" என்று வாயை அடைத்துவிடுவார்கள். கேட்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் இப்போதே கேட்க வேண்டும். பதில் சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா பீடோங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவர் இறந்த பிறகு தகரப் பெட்டியைத் திறந்தோம். 1950களில் தாமதமாகப் பதிந்த சூராட் பெரானாக் இருந்தது. பிறந்த தேதி 1945 ஜனவரி 1. (நம் தோட்டங்களில் ஜனவரி முதல் தேதிக்காரர்கள் ஏராளம். கிராணிக்கு எழுத எளிதான தேதி அது.) தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில், தாத்தாவை வளர்த்தவரின் பெயர் இருந்தது. ஆனால் கொள்ளுப்பாட்டியின் முதல் கணவர் வேறொருவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் சயாமுக்குப் போனவர்.

'சயாமுக்குப் போனவர்' என்றால் நம் வீடுகளில் விளக்கம் தேவையில்லை. ஆனாலும் பாடநூலில் இரண்டு வரியோடு நின்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானியர் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் 1943இல் அள்ளிச் சென்றனர். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கு எழுதப்படவே இல்லை. போர்க்கைதிகளான வெள்ளையர்களுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர் செத்ததற்கு மரணப் பத்திரம்கூட வீட்டுக்கு வரவில்லை. பாதை முடிந்த அதே 1943 அக்டோபரில் ஜப்பானியர் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தனர். போர் முடியும்வரை கெடாவின் பெயர் சைபுரி. ஆக, என் தாத்தா 1944இல் பிறந்தாலும் 1945இல் பிறந்தாலும், பிறந்தது சயாம் ஆட்சியில்தான்.

அந்த ஓராண்டுதான் இங்கே வழக்கு. தாத்தாவின் அக்காவுக்கு இன்று எண்பத்தெட்டு வயது. அவர் சயாமுக்குப் போனவரை 'அப்பா' என்றும், வளர்த்தவரை 'ஐயா' என்றும் சொல்வார். பெரட்டுக் களத்தில் லாரி வந்து நின்றது ஆனி மாதம் என்பது அவர் நினைவு. ஐயா வீட்டோடு வந்து சேர்ந்தது அடுத்த சித்திரைக்குப் பிறகு. பத்திரத்தின்படி பார்த்தால் தாத்தா ஐயாவின் பிள்ளை. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதுதான் எனக்கு இடித்தது.

பெட்டியின் அடியில் ஐயா எழுதிய கோயில் வரவு செலவு நோட்டு கிடைத்தது. கற்பூரம், தேங்காய், தப்புக்காரர் கூலி ஆகியவற்றுக்கு நடுவே ஒரு வரி: சுபானு வருஷம் மாசி மாதம், கொள்ளுப்பாட்டியின் பெயர், ஆண் பிள்ளை. சுபானு என்பது 1943 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு. அதன் மாசி, 1944 பிப்ரவரி மார்ச்சில் வரும். ஆனியில் லாரி ஏறியவருக்கு மாசியில் பிள்ளை. இதுவும் பொருந்துகிறது. தகப்பன் பெயரை ஐயா எழுதவில்லை. அதற்கு முன்பே அவர் அந்த வீட்டுக்குப் போக்குவரத்தாக இருந்தார் என்று முணுமுணுக்கும் உறவினரும் உண்டு. எனவே நோட்டை வைத்து முடிந்த முடிவு சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளை தன்னுடையதல்ல என்று காட்டக்கூடிய தேதியைத் தன் கையாலேயே எழுதி, அந்த நோட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தவர், பத்தாண்டு கழித்துப் பதிவு அலுவலகத்தில் 'நான்தான் தகப்பன்' என்று பெயர் கொடுத்திருக்கிறார். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பத்திரத்தின் மதிப்பு பின்னால் தெரிந்தது. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் தேவைப்பட்டது. சிவப்பு அடையாளக் கார்டோடு நின்ற பல்லாயிரம் பேர் ரஜுலாக் கப்பலேறி, பலர் பார்த்தே இராத ஊருக்குத் திரும்பினர். தாத்தா நீலக் கார்டோடு பால்மரத்துக்குப் போனார்.

எதிர்க் கருத்துகளையும் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா, "வளர்த்தவருக்குத் துரோகமா?" என்கிறார். நோட்டு வெளிவந்த பிறகு ஐயாவின் மதிப்பு எங்கள் வீட்டில் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. இன்னோர் உறவினர், "எந்தச் சாதி என்று தெரிந்துவிடும்" என்று உற்சாகமாகக் கிளம்பினார். அந்த வேலைக்கு நான் வரமாட்டேன். வேர் தேடுவது சாதிச் சான்றிதழ் வாங்குவதற்கென்றால் பெட்டியை மூடிவிடலாம். எச்சிலைக் குழாயில் அனுப்பி மரபணுச் சோதனை செய்யலாம் என்றார் மாமா மகன். இரத்தம் யாருடையது என்று அது சொல்லக்கூடும். 1950களில் அந்த மனிதர் ஏன் அப்படிக் கையெழுத்திட்டார் என்று எந்தக் குழாய் சொல்லும்?

இது பழங்கதை மட்டுமல்ல, நண்பர்களே. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடும் தம்பதிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளை சட்டத்தின் பார்வையில் முறைப்படிப் பிறந்ததல்ல. இருவரும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயரைப் பத்திரத்தில் எழுதுவார்கள். தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை சிக்கலாகிறது. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்திருக்கிறார்கள். ஐயாவுக்குத் தெரிந்த காகிதத்தின் அருமை நமக்குத் தெரியவில்லை.

தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அலோர் ஸ்டாரில் கிளை உண்டு. போய்ப் பார்க்கலாம். ஆனால் தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள் கம்பெனிச் சொத்து. துண்டாடலிலும் செம்பனைக்கு மாறியதிலும் வீடமைப்புத் திட்டங்களிலும் எத்தனையோ புத்தகங்கள் அடுப்புக்குப் போயின. மிச்சம் இருப்பவை நம் வீட்டுத் தகரப் பெட்டிகளும் கோயில் நோட்டுகளும்தான். நம் கழகம் ஆண்டுதோறும் நடத்தும் கலை இரவுகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, அந்தச் செலவில் இவற்றைப் படமெடுத்து வைத்தால் என்ன? கல்யாணப் பத்திரிகை, கோயில் நன்கொடை இரசீது, பழைய பள்ளிச் சான்றிதழ் எதையும் குப்பை என்று ஒதுக்க வேண்டாம். தமிழ் வருஷப் பெயர்களை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி வீண்போகவில்லை.

ஆடி அமாவாசைக்கு மெர்போக் ஆற்றங்கரையில் தாத்தாவுக்குத் திதி கொடுக்கும்போது, அவருடைய தகப்பன் பெயரைப் பூசாரி கேட்பார். பெரிய மாமா இதுவரை ஒரு பெயர்தான் சொல்லி வந்தார். இரண்டையும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. தாத்தாவின் அக்கா மட்டும், முதலில் அப்பா பெயர், பிறகு ஐயா பெயர் என்று வரிசை சொல்லி அனுப்பியிருக்கிறார்.