சக்கரத்துக்கு வர்ணம் பூசுமுன்

எப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கப் போகிற லாரியை நம் சாலைகளில் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். அதன் சக்கரங்களில் முந்திய நாள் அடித்த வெள்ளி வர்ணம் வெயிலில் பளபளக்கும். துருவின் மேலும், காய்ந்த சேற்றின் மேலும், நட்டுகளையும் டயரின் ஓரத்தையும்கூட விட்டுவைக்காமல், கழற்றாத சக்கரத்தின் மீதே ஒரு பூச்சுப் பூசிவிடுவது வழக்கமாகிவிட்டது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது செதில் செதிலாக உதிர்ந்தும் விடுகிறது. இந்த வழக்கம் பணத்துக்கும் நஷ்டம், பிராணனுக்கும் அபாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

எஃகுச் சக்கரம் ஆலையிலிருந்து வரும்போது அதன் மேலுள்ள பூச்சு பல ஆண்டுகள் தாங்குகிறதென்றால், அதற்குக் காரணம் வர்ணத்தின் கனமன்று. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, துத்தநாக பாஸ்பேட் கரைசலில் நனைத்து, பிறகு வர்ணத் தொட்டியில் மூழ்கடித்து, மின்சாரத்தின் பலத்தால் சந்துபொந்துகளிலெல்லாம் வர்ணம் சீராகப் படியச் செய்து, அதன்பின் உலையில் சுடுகிறார்கள். இவ்வாறு படிகிற அடிப்பூச்சின் கனம் சுமார் 20 மைக்ரான்தான். நம் பட்டறைகளில் அந்தத் தொட்டியும் இல்லை, உலையும் இல்லை. ஆயினும் எஃகைச் சுத்தமாக்கி உடனே மூடிவிடுவது என்கிற அந்தத் தத்துவம் எந்தப் பட்டறைக்கும் எட்டாததன்று.

முதலில் சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். வால்வு பின்னை எடுத்துக் காற்றை முழுவதும் இறக்கிய பிறகே டயரை விடுவிக்க வேண்டும். லாக் ரிங் உள்ள லாரிச் சக்கரத்தில் இந்த ஜாக்கிரதை தவறினால் ரிங் தெறித்து ஆளையே கொன்றுவிடும். டயர் விலகிய பின், அதன் விளிம்பு உட்கார்ந்திருந்த பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள்: ஏடு ஏடாகத் துரு பெயர்ந்து வரும். தின்றுவிட்ட இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிப்பதால், மேலேயுள்ள வர்ணம் எத்தனை உயர்ந்த ரகமானாலும் அதை அடியிலிருந்து நெம்பித் தள்ளிவிடுகிறது. கம்பி பிரஷ் இந்தத் துருவின் மேல்தோலை மெருகேற்றுமேயன்றிக் குழிகளுக்குள் இறங்காது. மணல் வீச்சுத்தான் உத்தமம். அதற்கு வசதியில்லாவிட்டால், எமரித் தாளால் பொறுமையாகத் தேய்த்து வெள்ளிரும்பு தெரியும்வரை போக வேண்டும். தேய்ப்பதற்கு முன்பே தின்னர் கொண்டு பிசுக்கைத் துடைத்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால் கிரீஸ் கீறல்களுக்குள் புகுந்துகொண்டு வர்ணத்தை ஒட்டவிடாது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் உலர்த்துவதும் வேண்டும். அங்கே வெறும் இரும்பை ஓர் இரவு விட்டுவைத்தாலே மறுநாள் காலையில் செம்மை படர்ந்திருக்கும். ஆகையால் தேய்த்த அன்றைக்கே பிரைமர் ஏறிவிட வேண்டும்.

பிரைமருக்கு, ஹார்டனர் கலக்கும் எபாக்ஸி வகையே நீடித்து நிற்கும். மேல்வர்ணத்தை ஒரே தடவையில் கனமாக அடிக்காமல், மெல்லிய பூச்சுகளாக, இடையிடையே உலரவிட்டு அடிப்பது நலம். இரண்டு பொருள் கலக்கும் பாலியூரிதேன் வர்ணத்தின் புகை நுரையீரலைக் கெடுக்கும். மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது, தகுந்த முகமூடி வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வர்ணம் ஏறக்கூடாத இடம் எது என்பது. ஹப்போடு சேர்ந்து அமரும் முகத்திலும், நட்டு உட்காரும் துளையோரங்களிலும் வர்ணம் கனமாகப் படிந்துவிட்டால், ஓட்டத்தின் அழுத்தத்தில் அந்தப் படலம் நசுங்கித் தேய்ந்து, முறுக்கிய நட்டின் பிடி தானே தளர்ந்துவிடுகிறது. ஓடுகிற வண்டியின் சக்கரம் கழன்று போவதற்கு இதுவே போதும். பவுடர் கோட்டிங் இன்னும் கனமானது. அதற்குக் கொடுக்கும்போது இந்த இடங்களை மறைத்துக் கொடுக்கவேண்டும். மேலும், இரும்பு வெறுமையாகத் தெரிகிற அந்தச் சமயத்தில்தான் போல்ட் துளையைச் சுற்றி வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்க்க முடியும். வெடிப்புக் கண்ட சக்கரத்தை வெல்டிங் வைத்து வர்ணத்தால் மறைப்பது பாதகம். அதைப் பழைய இரும்புக்குப் போடுவதே நியாயம்.

இத்தனை வேலைக்கும் பெயிண்டருக்கு ஒருநாள் கூலி கூடுதலாக ஆகும் என்பது வாஸ்தவம். வண்டி உரிமையாளர்கள் அதை மனமுவந்து கொடுக்க வேண்டும். புது வெள்ளி மினுமினுப்பைக் கண்டு திருப்தியடையாமல், நட்டின் அடியிலிருந்து துருக்கோடு இறங்கியிருக்கிறதா என்று பரிசோதகர்கள் குனிந்து பார்க்க வேண்டும். வர்ணம் பூசிய சக்கரத்தை மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை நிறுத்தி, எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.