கதையாசிரியனும் கொங்கு நாட்டுக் கற்களும்

சரித்திர நாவல் எழுதப் புகுவோன் நூல்நிலையத்தில் எத்தனை நாள் அமர்கின்றானோ அத்தனை நாளேனும் சாலையில் அலைதல் வேண்டுமென்பது எனது துணிபு. 1950-ஆம் ஆண்டில் 'பொன்னியின் செல்வன்' எழுதத் தலைப்பட்ட கல்கி அவர்கள், ஓவியர் மணியம் அவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு இலங்கை சென்று, ஆங்குள்ள பழைய நகரங்களைக் கண்டு வந்தார். அக்கதையின் ஈழத்துக் காட்சிகள் நம் கண்முன் நிற்பதற்கு அப்பயணமும் ஒரு காரணம் அன்றோ?

நம் மாணவ நண்பர்கள் எழுதிக் காட்டும் கொங்குக் கதைகளோ அரண்மனையில் தொடங்கி அரண்மனையிலேயே முடிகின்றன. அன்னோர் ஒருநாள் கோவையினின்று புறப்பட்டு, காங்கயம் வழியாக, நொய்யலின் வடகரையிலுள்ள கொடுமணலுக்குச் செல்வாராக. கபிலரும் அரிசில்கிழாரும் பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' எனக் குறித்த ஊர் இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். 1985-ஆம் ஆண்டு முதல் பன்முறை அகழ்ந்தபோது வெளிப்பட்டவை முடியும் செங்கோலும் அல்ல. இரும்பு உருக்கிய உலைகளும், நீலம், பளிங்கு, சூதுபவளம் முதலிய கற்களாற் செய்த மணிகளுமே வெளிப்பட்டன. அம்மணிகளுள் தீட்டி முடித்தவையும் உள. பாதியில் நின்றவையும் உள. பாதியில் நிறுத்தியவன் யாவன்? ஏன் நிறுத்தினான்? ஒரு நாவலுக்கு இவ்வினா போதாதா? படியூர்ப் பெரில் கல்லை உரோமாபுரியார் விரும்பினர் என்பதையும், 1842-ஆம் ஆண்டில் கோவையை அடுத்த வெள்ளலூரில் உரோமானிய வெள்ளி நாணயங்கள் கிடைத்தன என்பதையும் சேர்த்து எண்ணுக.

எனக்குக் கதாநாயகனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைப்பின், அறச்சலூர்க் குகைக்கே செல்வேன். ஆங்கு ஆடலுக்குரிய தாளவெழுத்துக்கள் தமிழ்-பிராமியில் வரிசை வரிசையாகக் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் புணர்த்தவன் பெயரும் உண்டு: வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்பான் காசும் மணியும் நோட்டம் பார்ப்போன். பகலெல்லாம் கல்லின் குற்றம் ஆராய்ந்த கண், மாலையில் தாளத்தை நாடியது போலும்! பட்டத்தரசிகள் பத்துப்பேர் சேரினும் இவனுக்கு ஈடாகார்.

நிற்க. கல்லாகிய உயிர்களைக் காண விழைவோர் கொங்கு நாட்டுப் பாறைகளில் தேடுதல் வீண். அவை பூமியின் ஆழத்திற் பெருவெப்பத்தால் வெந்து உருமாறியவை. எலும்பும் ஓடும் அவற்றுள் தங்கா. அதற்குக் கரூர், திருச்சி கடந்து கிழக்கே செல்லல் வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறக்குறைய 60 அடி நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடக்கின்றது. புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அவர்கள் 1940-ஆம் ஆண்டில் அதனை உலகறியச் செய்தார். 2020-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்துக் குன்னத்தில் மண் வெட்டியபோது பெரிய உருண்டைக் கற்கள் தோன்றவே, டைனோசர் முட்டை என்று ஊரெங்கும் பேச்சாயிற்று. வந்து பார்த்த நிபுணரோ, முட்டையன்று, அம்மோனைட் என்னும் கடலுயிரின் தொடர்புடைய படிவம் என்றனர். முட்டை பொய்த்ததே என்று கதாசிரியன் வருந்தற்க. பருத்திக் காட்டின் நடுவே ஒரு காலத்தில் அலையடித்தது என்பது முட்டையினும் வியப்பன்றோ? வீட்டிலிருந்தபடி எழுதியவன் முட்டையையே எழுதியிருப்பான்.

இஃதெல்லாம் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் வேலை, நமக்கென்ன என்று சிலர் வினவக்கூடும். அவர் மணியை எண்ணுவார், அளப்பார், மண்ணடுக்கைக் குறிப்பார். தீட்டியவன் விரல் நொந்ததை அறிக்கையில் எழுத அவருக்கு உரிமையில்லை; நமக்கு உண்டு. ஆயின் அவ்வுரிமை, உழவுகாலில் கண்ட மணியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வருமளவு நீளாது. மேசைமேல் அழகுக்கு வைத்த மணி எந்த அடுக்கில், எதனருகே கிடந்தது என்பதை இனி ஒருவரும் அறியார். அதனைத் தீட்டியவனைப் பற்றி எழுத நினைத்தவனே அவனைத் தேடும் வழியையும் அடைத்தவனாவான்.