எளிய வாழ்வும் ஏனையோர் உழைப்பும்

எளிமையாக வாழவேண்டும், மரக்கறியுணவை மேற்கொள்ளவேண்டும், அடுக்களையில் எதனையும் வீணாக்கலாகாது என்னும் குரல் அண்மைக்காலத்தில் எம்மிடையே ஓங்கி ஒலிக்கின்றது. கருத்தரங்குகளிலே கேட்கின்றோம், வாரமலர்களிலே வாசிக்கின்றோம், விடுதிகளின் இரவுநேர விவாதங்களிலுங்கூட அது தலைகாட்டத் தொடங்கிவிட்டது. இக்குரலோடு எமக்குப் பகையில்லை. 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புதுவருடத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிலே குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்நாட்டு நகரங்கள் கொட்டும் குப்பையில் அரைவாசிக்கு மேற்பட்டது, அடுக்களைக் கழிவு போன்ற உக்கக்கூடிய பொருளே. எனவே வீணாக்காத சமையல் வேண்டும் என்பாரை எள்ளி நகையாடுதல் பொறுப்பற்ற செயலாகும். எமது வழக்கு வேறு. இவ்வெளிமையின் பெருமையைப் பாடுவோர், அதனை ஆக்கித் தந்தோரின் உழைப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டே பாடுகின்றனர் என்பதுதான் எமது குற்றச்சாட்டு.

இவர்கள் பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்வது பழைய யாழ்ப்பாணத்து அடுக்களையை. அது பொருத்தமான எடுத்துக்காட்டு என்பதை மறுப்பதற்கில்லை. அரிசி கழுவிய நீர் மாட்டுக்குப் போயிற்று. வடித்த கஞ்சி உப்பிட்டுக் குடிக்கப்பட்டது. எஞ்சியது வேட்டி சேலைக்குப் பசையாயிற்று. மிஞ்சிய சோறு நீரூற்றி வைக்கப்பட்டு, விடிந்ததும் சின்ன வெங்காயத்தோடும் பச்சைமிளகாயோடும் காலையுணவாயிற்று. பலாப்பழத்தின் கொட்டை கறியாயிற்று. வாழையின் பூ வறையாகவும், தண்டு கறியாகவும், இலை உண்கலமாகவும் பயன்பட்டன. வேலியோரத்து முசுட்டையும் சண்டியும் முருங்கையும் காசின்றிக் கிடைத்த இலைக்கறிகள். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிப்புளி விடும் வழக்கத்தை நோக்குக: இலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கு விற்றமின் சி துணைபுரியும் என்று இன்று விஞ்ஞானம் கூறுவதை, ஏட்டுக்கல்வி மறுக்கப்பட்ட கைகள் சுவையின் வழியே கண்டடைந்திருந்தன. பனையைப் பற்றிச் சொல்லப்புகின் பக்கங்கள் போதா. பழத்தின் களி பனாட்டாயிற்று. விதை பாத்தியிலே முளைத்துக் கிழங்காயிற்று. கிழங்கு அவிக்காது காய்ந்தால் ஒடியல், அவித்துக் காய்ந்தால் புழுக்கொடியல். முளைவிட்ட விதையைப் பிளந்தாற் பூரான். எஞ்சிய ஊமல் அடுப்புக்கு விறகு. (ஒடியற் கூழையும் மரக்கறியுணவுப் பட்டியலிற் சேர்க்கும் நண்பர்கள், அதிலே மிதக்கும் மீனையும் நண்டையும் எங்ஙனம் மறந்தனரோ அறியோம்.)

ஆயினும் மேலேயுள்ள வாக்கியங்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். போயிற்று, ஆயிற்று, பயன்பட்டன என்றே அவை முடிகின்றன. எழுவாயாக நிற்பவை நீரும் கஞ்சியும் கொட்டையும் விதையுமே. செய்தவரைக் காணோம். எளிமையைப் பற்றிய எம்மவர் எழுத்துக்கள் யாவும் இந்த இலக்கணத்திலேயே எழுதப்படுகின்றன.

செய்தவளை எழுவாயாக்கி எழுதிப் பார்ப்போம். அவள் விடியுமுன் எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளினாள். அச்சாம்பலையும் பொச்சையும் கொண்டு நேற்றைய கரிச்சட்டிகளை விளக்கினாள். ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெரிந்தாள். அப்புகை அவளது நெஞ்சிலே ஆண்டுக்கணக்காகத் தங்கிற்று. திருவலையிற் குந்தித் தேங்காய் திருவினாள், முதற்பால் பிழிந்தாள், இரண்டாம் பால் பிழிந்தாள். உச்சிப்பொழுதுக்கு மீண்டும் திருவினாள். வாழைப்பூவின் ஒவ்வொரு சிறு பூவிலும் நடுநரம்பை இழுத்தெறிந்தாள். அதன் கயர் படிந்து விரல்கள் கறுத்தன. முருங்கையிலையை ஈர்க்கு ஈர்க்காக ஆய்ந்தாள். ஒடியலை இடித்தாள், அரித்தாள், மாவை நீரிலே ஊறவிட்டுக் கைப்புப் போகும்வரை வடித்தாள். பனங்களியைக் கையாற் பிசைந்து பாயிலே ஊற்றி, காய்ந்ததன்மேல் மறுபடி ஊற்றி, நாட்கணக்காகக் காகத்துக்கும் மழைக்கும் காவலிருந்தாள். அந்த வீட்டிலே எதுவும் வீணாகவில்லை என்பது மெய்தான். அவளுடைய பொழுதுகளை மட்டும் எவரும் வீணென்று எண்ணிப் பார்க்கவில்லை.

"அஃது அன்பினாற் செய்தது, அதனைக் கூலிக் கணக்கிலே பார்ப்பது மேலைத்தேயப் பார்வை" என்று எமக்கு மறுமொழி கூறுவர். இம்மறுமொழி எம் சமூகத்தின் நடைமுறைக்கே முரணானது. ஒரு குடும்பத்துக்குச் சற்றே வசதி வந்ததும் முதலிற் கைமாறியது அந்த அன்புதான். உரலும் உலக்கையும் கூலிக்காரியின் கைக்குப் போயின. தண்ணீர் அள்ளலும் விறகு பிளத்தலும் குடிமைத்தொழில் செய்வோர் தலையில் விழுந்தன. அன்பென்பது உண்மையாயின், அதனை விலைகொடுத்து வாங்க முடிந்தவர்கள் ஏன் இவ்வளவு விரைவில் வாங்கினர்?

சிரட்டையின் கதை இதனிலும் கூர்மையானது. இன்று சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளிலே மெருகூட்டிய சிரட்டைக் கிண்ணம் சூழலுக்கு இசைந்த பாத்திரமென்று விற்கப்படுகின்றது. பிளாஸ்ரிக்கை விட அது நன்றென்பதில் ஐயமில்லை. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சிரட்டை வெறும் பாத்திரமன்று. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க்கடையிலே குவளை மறுக்கப்பட்டு, போத்தலும் தகரப்பேணியும் சிரட்டையும் நீட்டப்பட்ட காலம் எமது மூத்தோர் நினைவில் இன்னும் உள்ளது. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தை அடுத்து, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் பல ஊர்களில் மூண்டன, உயிர்களும் பலியாயின. அவர்கள் கேட்டது எல்லோரும் குடிக்கும் அதே குவளையை. அப்போராட்டத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சிரட்டையின் மேன்மையை உபதேசிக்கப் புறப்படுவோர் வரலாற்றிற் சிறிது பயிற்சி பெற்றபின் புறப்படுவது நன்று. மரக்கறியுணவும் எம்மிடையே வெறும் உணவுத் தெரிவாக என்றும் இருந்ததில்லை. "நாங்கள் சைவம்" என்னும் இரு சொற்கள் சமயத்தை மட்டுமன்றிச் சாதிப்படியையும் சேர்த்தே அறிவித்தன. மச்சம் புழங்கும் வீட்டிலே தண்ணீர் குடியாதவர்கள் விலங்குகள் மீது கொண்ட கருணையால்தான் அவ்வாறு செய்தனர் என்று நம்புவதற்கு எமக்கு மனம் வரவில்லை.

இனி, எளிமையை விரும்பி மேற்கொள்வோரும் உளர். அதற்குள் தள்ளப்பட்டோரும் உளர். இவ்விரு சாராரையும் ஒரே சொல்லாற் குறிப்பது பெரும் மயக்கம். 1990இன் பின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிதானமையால் ஜாம் போத்தலுக்குள் சிறு திரி வைத்து அவ்வொளியிலே பிள்ளைகள் படித்தனர். சவர்க்காரம் இன்மையாற் பனம்பழம் கொண்டு துணி துவைத்தனர். அத்திறமையை நாம் வியக்கலாம். அதனை வாழ்க்கைத் தத்துவமாக்கி, தடை விதித்தவர்களுக்கு நற்சாட்சிப் பத்திரம் வழங்க வேண்டியதில்லை. மலையகத்தை நோக்குவோம். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17. பெருந்தோட்டப் பகுதியிலோ 32. லயத்து அறையிலே கோதுமைமா ரொட்டியும் ஒரு சம்பலும். அங்கு வீணாவதற்கு எதுவும் இல்லை. 2022 செப்ரெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக ஏறிற்று. அவ்வாண்டிலே மீனையும் முட்டையையும் கைவிட்ட குடும்பங்களை மரக்கறியாளர் கணக்கிற் சேர்த்து மகிழ்வதற்கு எவரேனும் துணிவரோ?

காந்தியடிகளைச் சான்றுக்கு அழைப்போரும் உளர். அவருடைய தன்வரலாற்றை அவர்கள் முழுமையாகப் படிக்கட்டும். 1898 அளவிலே டேர்பனில், தம் வீட்டிலே தங்கியிருந்த எழுதுவினைஞர் ஒருவரின் சிறுநீர்ப் பாத்திரத்தைக் கஸ்தூரிபா எடுத்துச்செல்வது மட்டும் போதாது, முகமலர்ச்சியோடு செய்யவும் வேண்டும் என்று தாம் சினந்ததையும், அவரது கையைப் பற்றி வெளிவாயில்வரை இழுத்துச் சென்றதையும் காந்தியே எழுதியுள்ளார். அவ்வேலையிற் பங்கெடுக்கத் தயங்காதவர் அவர். தம் குற்றத்தை மறைக்காதவரும் அவரே. எம்மிடையே எளிமை பேசும் பெரியோருக்கு இவ்விரண்டு தகுதிகளுள் எது உண்டு?

அவ்வாறாயின் பழைய சமையலைக் கைகழுவிவிட்டுப் பொலித்தீன் தாளிற் சுற்றிய பார்சற் சோற்றுக்கே அடிமைப்படுவதா? அத்தாளுக்கு 2017 செப்ரெம்பரிலே தடை வந்தது. எமது விடுதிக் குப்பைத்தொட்டிகளுக்கு அச்செய்தி எட்டியதாகத் தெரியவில்லை. சமைக்கத்தான் வேண்டும். சோறும் பருப்பும் ஓர் இலைக்கறியும் மலிவானவை, உடலுக்கு நல்லவை, குப்பையும் குறைவு. ஆனால் எளிமையை அளக்கும் போது செலவாகும் பொருளோடு செலவாகும் உழைப்பையும், அவ்வுழைப்பு யாருடையது என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். மின்னரைப்பானை ஆடம்பரம் என்று இகழ்வோர் ஒரு மாதம் அம்மியில் அரைத்துவிட்டு வந்து பேசட்டும்.

கலைப்பீட மாணவர் சிலர் வாடகை வீடொன்றிலே கூடிச் சமைக்கும் முறையை யாம் அறிவோம். அங்கே ஒரு விதியுண்டு: எந்த மரக்கறியின் மகிமையை ஒருவர் எடுத்துரைக்கின்றாரோ, அதனைத் துப்புரவு செய்யும் பொறுப்பும் அவருடையதே. இவ்விதி நடைமுறைக்கு வந்த வாரத்திலிருந்து வாழைப்பூவின் புகழ் அவ்வீட்டிலே வெகுவாகக் குன்றிவிட்டது. முருங்கையிலை மட்டும் தப்பிப் பிழைத்தது. இரவிலே பேசிக்கொண்டிருக்கையில் எல்லோருமாக இருந்து ஆய்ந்துவிடுகின்றனர். கறிக்குள் ஈர்க்கு கிடந்தால் குற்றஞ்சாட்டுவதற்கும் எவருமில்லை.

எமது சங்கத்தின் கலைவிழா விருந்தை வாழையிலையிலே பரிமாறவேண்டும் என்றொரு யோசனை இவ்வாண்டு முன்வைக்கப்பட்டுள்ளது. நல்ல யோசனை, நாமும் ஆதரிப்போம். எச்சில் இலை எடுப்பதை ஒரு சாதியின் கடமையாக்கி வைத்திருந்த சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாம். ஆகையால் தீர்மானத்தோடு ஒரு பட்டியலும் இணைக்கப்படட்டும்: இலை எடுப்போர், அண்டா கழுவுவோர், தேங்காய் திருவுவோர். முதல் வரிசையிலே செயற்குழுவினரின் பெயர்களும், அடுத்த வரிசையிலே அன்று மேடையில் எளிமைபற்றி உரையாற்றவிருக்கும் அறிஞர்களின் பெயர்களும் எழுதப்படட்டும்.